ஆர்மரரிடம் கேளுங்கள்: தாத்தாவின் வெப்லி

கேள்வி: தாத்தா வாங்கிய .32 வெப்லி ரிவால்வர், அப்பா காலமானபின் முறைப்படி என் லைசென்ஸில் ஏறியிருக்கிறது. பல வருடமாக யாரும் சுடவில்லை. ராத்திரி தென்னந்தோப்புக்குப் போகும்போது இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா? எப்படிப் பழகுவது?
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: இடுப்புக்கு வருமுன் அது லைசென்ஸ் உள்ள ஆர்மரரின் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரின்) மேஜைக்குப் போகட்டும், தம்பி. உங்களுடையது கடலோரத் தாலுகா. இத்தனை வருடமும் தோல் உறைக்குள்ளேயே பீரோவில் கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தோல் ஈரத்தை விடாது, இரும்பு அரித்துப்போகும். உறை வேறு இடத்தில் இருக்கட்டும். ரிவால்வரை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பூட்டி வையுங்கள்.

வெப்லி நடுவில் மடிகிற ரகம். மடித்து, சிலிண்டரில் தோட்டா போடும் ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். மூடியபின் குழலைப் பிடித்து ஆட்டினால் மேல் கொக்கி அசையக் கூடாது. ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) மெல்ல இழுக்கும்போது ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறை கொஞ்சம் விலகி நின்றாலும் குண்டின் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவருக்குக் கண் போய்விடும். தாத்தா காலத்துத் தோட்டா மிச்சம் இருந்தால் சுட்டுப் பார்க்கும் ஆசையே வேண்டாம், ஆயுத டீலரிடம் ஒப்படையுங்கள். புதுத் தோட்டாவிலும் சத்தம் 'புஸ்' என்று வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம்.

பழக்கத்துக்கு ரைபிள் கிளப்தான் இடம், தோப்பு இல்லை. ஏழு மீட்டரில் ஆரம்பியுங்கள். ஹேமரைக் கையால் இழுத்து வைத்துச் சுட்டால் குறி நன்றாகவே விழும், ஆனால் இருட்டில் பதறும்போது அது நடக்காது. டிரிக்கரை முழுதாக இழுத்தே பழகுங்கள். கனமாகத்தான் இருக்கும். தோட்டா விலையும் லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கையும் கையைக் கட்டும் என்பதால், வீட்டில் போலித் தோட்டா போட்டு, வெறும் சுவரைப் பார்த்து இழுத்துப் பழகலாம். நீங்கள் பழகும் இடத்தில் நிஜத் தோட்டாவே இருக்கக் கூடாது. போலித் தோட்டா போடாமல் சிலிண்டரின் காலி அறையில் 'டக் டக்' என்று அடித்தால் ஹேமர் மூக்கு உடையும். பழைய வெப்லிக்கு அந்த பாகம் தேடி அலைய வேண்டிவரும். இன்னொன்று: மடிக்கும்போது பாதியில் தயங்காதீர்கள். ரிவால்வரைச் சாய்த்துப் பிடித்து ஒரே வீச்சில் மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுட்டு முடித்த தோட்டாவின் கூடு ஒன்று, கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், அப்புறம் சிலிண்டர் மூடாது.

எடுத்துப் போவதென்றால் ஐந்து தோட்டாதான், ஹேமருக்கு அடியில் காலி அறை. கீழே விழுந்தால் ஹேமர் தோட்டாவை அடித்துவிடலாம். 1944-ல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ரிவால்வர் ஒன்று தளத்தில் விழுந்து வெடித்து மாலுமி ஒருவர் செத்துப்போனார். அதற்கப்புறம்தான் அந்தக் கம்பெனி, ஹேமர் தோட்டாவில் படாமல் காக்கும் தடுப்பையே மாற்றி அமைத்தது. பொது இடத்தில் உறைக்குள், வெளியே தெரியாமல், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

தேங்காய்த் திருடனுக்காக என்றால், என் யோசனை நல்ல டார்ச்சும் இரண்டு நாயும்தான்.

கேள்வி: கான்பூர் அரசு ஆலையில் செய்த .32 ரிவால்வர் என் வெப்லி மாதிரியே இருக்கிறதே, அதன் பாகங்கள் இதற்குப் பொருந்துமா?
(வாசகர், திருச்சி)

பதில்: மாதிரி அதுதான், வெப்லி மார்க் 4-ஐ ஒட்டிச் செய்தது. ஆனால் பழையவற்றில் பாகங்களைக் கையால் அராவிப் பொருத்தியிருப்பார்கள். வாங்கி அப்படியே மாட்ட முடியாது, நீங்களே அராவவும் கூடாது.

கேள்வி: தங்கை கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு ரவுண்டு?
(வாசகர், மதுரை)

பதில்: 2019 சட்டத் திருத்தப்படி இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மேளத்துக்குக் கூடக் கொஞ்சம் கொடுங்கள்.