பேச்சு மன்றமும் தீர்மான நோட்டும்

அன்புள்ள ஐயா,

நான் ஜெர்மனியின் கெல் நகரில் மேற்படிப்பு படிக்கிறேன். ரைன் நதிப் பாலத்தைத் தாண்டினால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க். ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை பற்றி ஆய்வேடு எழுதும்படி என் பேராசிரியர் சொல்கிறார். அங்கே பார்வையாளர் மாடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பாதி நாற்காலி காலி. ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுகிறார்கள், கடைசியில் ஒரு தீர்மானம் போடுகிறார்கள். அதை எந்த அரசும் கேட்டாக வேண்டும் என்பதில்லை. சட்டம் இயற்றும் அதிகாரமும் கிடையாது. நம் ஊர் பட்டிமன்றத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்தக் கிளையை விட்டுவிட்டு, அதிகாரம் உள்ள ஐரோப்பிய நாடாளுமன்றத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா? தெற்காசியாவுக்கும் இப்படி ஒரு பேரவை வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

ச., கெல்

அன்புள்ள ச.,

ஆய்வேட்டுக்கு வழி கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. மூன்று வாரமாக என் மேசையில் ஒரு பழைய நோட்டு கிடக்கிறது. அதைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது, அதனால் எழுதுகிறேன். நோட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு குட்டு. ஒரு நாள் முழுக்க மாடத்தில் உட்கார்ந்தவர், யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று விசாரிக்க வேண்டாமா? அது ஐரோப்பிய ஒன்றியத்தின் கிளை இல்லை. ஒன்றியத்துக்கு மூத்தது. 1949 மே 5 அன்று பத்து நாடுகள் லண்டனில் கையெழுத்திட்டு ஐரோப்பிய கவுன்சிலைத் தொடங்கின. அதன் பேரவை அதே ஆகஸ்டில் ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடிவிட்டது. இன்று 46 நாடுகள். துருக்கி, உக்ரைன், சுவிட்சர்லாந்து எல்லாம் உண்டு, ஒன்றியத்தை விட்டுப் போன பிரிட்டனும் உண்டு. ரஷ்யா இருந்தது, 2022 மார்ச்சில் வெளியேற்றப்பட்டது. குழப்பத்துக்கு நீங்கள் மட்டும் காரணமில்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த நீலநிற, 12 நட்சத்திரக் கொடி 1955இல் இவர்கள் ஏற்றுக்கொண்டது. ஒன்றியத்தார் முப்பது ஆண்டு கழித்து அதையே தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். 1977 முதல் 1999 வரை ஐரோப்பிய நாடாளுமன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடியதும் நீங்கள் பார்த்த அதே மண்டபத்தில்தான்.

காலி நாற்காலி விஷயம். 306 உறுப்பினர்கள், அதே அளவு மாற்று உறுப்பினர்கள். ஒருவரும் இந்தப் பேரவைக்கென்று மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை. அவரவர் நாட்டு நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களிலிருந்து அனுப்புகிறது. பெரிய நாட்டுக்கு 18 இடம், லீக்டன்ஸ்டைன் போன்ற பொடி நாட்டுக்கு 2. ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் கூடுவார்கள். நடுவில் சொந்த நாட்டு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அனுப்பும் குழுவில் எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் நியாயமான பங்கு இருந்தாக வேண்டும். உள்ளே போனால் நாடு வாரியாகவோ கட்சி வாரியாகவோ உட்கார முடியாது, பெயரின் அகரவரிசைதான், பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி. ஒரு நாள் முழுக்கப் பார்த்தீர்களே, இது கண்ணில் படவில்லையா?

அதிகாரம் இல்லை என்கிறீர்கள். பாதி சரி. சட்டம் இயற்ற முடியாது, யாருக்கும் அபராதம் போட முடியாது. ஆனால் இதே கவுன்சிலின் கீழ் இயங்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் நீதிபதிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நினைத்தீர்கள்? ஒவ்வொரு நாடும் மூன்று பேரைப் பரிந்துரைக்க வேண்டும், இந்தப் பேரவை ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். 2008இல், இலங்கைத் தமிழர் ஒருவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே அவர் சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்து இருக்கிறது, அனுப்பக் கூடாது என்று பிரிட்டனுக்குத் தீர்ப்புச் சொன்னது அந்த நீதிமன்றம். தீர்ப்பில் அவர் பெயர் வெறும் இரண்டு எழுத்து. பட்டிமன்றத்தில் நடுவர் ஒருவர்தான், அவரையும் விழாக் குழு கூட்டி வந்துவிடும்.

மரண தண்டனையையும் பாருங்கள். 1990களில் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் வரிசையாகக் கதவைத் தட்டியபோது, தண்டனை நிறைவேற்றுவதை நிறுத்தினால்தான் உள்ளே இடம் என்று பேரவை பிடிவாதமாக நின்றது. அந்த வேலைக்கு அறிக்கையாளராக இருந்தவர் ரெனாட்டே வோல்வெண்ட், நான் சொன்ன அந்த இரண்டு இட லீக்டன்ஸ்டைன்காரர்.

இந்த அறிக்கையாளர் என்ற பதவியைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். மேடையில் நடக்கும் மூன்று நிமிடப் பேச்சு உங்களுக்குச் சலிப்பு என்றால் எனக்கும் சலிப்புதான். அங்கே வேலை நடப்பது மேடையில் இல்லை. குறைந்தது 20 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு ஒரு விஷயத்தைக் கிளப்புவார்கள். அது ஒரு குழுவுக்குப் போகும், குழு ஒருவரை அறிக்கையாளராக நியமிக்கும். அவர் அலைந்து விசாரித்து எழுதிக்கொண்டு வருவார். அதன் மேல்தான் விவாதம், திருத்தம், ஓட்டு எல்லாம்.

2005 நவம்பரில், ஐரோப்பாவிலேயே அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. ரகசியச் சிறைகள் வைத்திருக்கிறது என்று செய்தி வந்தது. பேரவை டிக் மார்ட்டி என்பவரிடம் வேலையைக் கொடுத்தது. சுவிஸ் மேலவை உறுப்பினர், முன்பு அரசு வழக்கறிஞராக இருந்தவர். அவருக்குப் போலீஸ் கிடையாது, யாரையும் சாட்சிக்கு இழுக்க அதிகாரம் கிடையாது. விமானங்கள் எங்கே ஏறின, எங்கே இறங்கின என்ற பதிவுகளைக் கேட்டு வாங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார். 2006 ஜூனில் முதல் அறிக்கை: 14 ஐரோப்பிய நாடுகள் ஏதோ ஒரு வகையில் உடந்தை. 2007இல் அடுத்தது: சிறைகள் இருந்தது போலந்திலும் ருமேனியாவிலும். இரண்டு அரசுகளும் மறுத்தன. அப்போது நீங்கள் மாடத்தில் இருந்திருந்தால் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பீர்கள், என்ன கிழித்துவிட்டது இந்தப் பேரவை என்று.

2014 ஜூலையில் மனித உரிமை நீதிமன்றம் போலந்தைக் குற்றவாளி என்றது. தீர்ப்பில் பக்கம் பக்கமாக எடுத்தாளப்பட்டவை மார்ட்டியின் அறிக்கைகள். அந்த டிசம்பரில் போலந்தின் முன்னாள் அதிபரே ஆமாம், அப்படி ஓர் இடம் கொடுத்திருந்தோம் என்றார். 2018இல் ருமேனியா மீதும் தீர்ப்பு வந்தது. ஏழெட்டு ஆண்டு கழித்து ஒருவர் தேடி வந்தபோது, காகிதம் எழுதினபடியே இருந்தது.

இப்போது நோட்டு. என் அப்பா எங்கள் ஊர் விவசாயிகள் சங்கச் செயலாளர். சங்கம் என்றால் நாற்பது குடும்பம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு தீர்மான நோட்டு. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை, கரையில் நிலம் வைத்திருந்த ஒருவர் வருடத்துக்குக் கொஞ்சமாக வரப்பை நகர்த்தி விழுங்கிக்கொண்டிருந்தார். ஆடி பிறந்தால் அப்பா கயிறு எடுத்துக்கொண்டு அளக்கக் கிளம்புவார். மறுமுனை என் கையில். புளியமரத்தடியில் அகலம் இவ்வளவு, மடைக்கல் பக்கம் இவ்வளவு, இன்னார் முன்னிலையில் அளக்கப்பட்டது, ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. நகல் மேலே போகும், பதில் வராது. அடுத்த ஆடியில் மறுபடியும் கயிறு.

கல்லூரிக்குப் போய் நாலு புத்தகம் படித்த திமிரில் ஒருமுறை சொன்னேன், “இந்த நோட்டை வச்சு அடுப்பாவது எரிக்கலாம்ப்பா.” அவருக்குக் கோபம் வரவில்லை. “கயிறத் தொய்யவிடாமப் பிடி” என்றார்.

2009இல் ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கால்வாய் என்றைக்குமே இந்த அகலம்தான் என்றது எதிர்த்தரப்பு. பழைய அளவு எழுதிவைத்தது ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் வக்கீல் கேட்டார். 19 ஆண்டு அளவு இருந்தது. வாதி தரப்புச் சான்றாவணம் 4. நாங்கள் கேட்டது 22 அடி, கிடைத்தது 16. மேல்முறையீடெல்லாம் முடிந்து நோட்டு கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது.

ஸ்ட்ராஸ்பர்க்கைப் புனிதத் தலம் ஆக்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2013 ஜனவரியில், அஜர்பைஜானின் அரசியல் கைதிகள் பற்றிய அறிக்கை அங்கே ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 79, எதிர்ப்பு 125, தோற்றுப்போனது. உறுப்பினர்களுக்கு கேவியர், கம்பளம், பணம் என்று போயிருந்த கதைகள் பிறகு வெளியே வந்தன. பேரவையே நியமித்த விசாரணைக் குழு 2018இல் சிலர் மீது ஊழல் சந்தேகம் வலுவாக இருக்கிறது என்றது. முன்னாள் உறுப்பினர்கள் பலருக்கு அந்தக் கட்டடத்துக்குள் நுழையவே ஆயுள் தடை. அசிங்கம்தான். ஆனால் ச., கொஞ்சம் யோசியுங்கள். ஒன்றுக்கும் உதவாத பேச்சு மன்றத்தின் ஓட்டுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? ஒரு அரசு ஓர் அறிக்கையைத் தோற்கடிக்க அவ்வளவு மெனக்கெடுகிறது என்றால், அதை எழுதியவர் சரியான இடத்தில்தான் கயிறு பிடித்திருக்கிறார்.

தெற்காசியக் கேள்வியை விட்டுவிடுகிறேன். சார்க் நாடுகளின் சபாநாயகர்களும் உறுப்பினர்களும் 1992இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு மேல் எழுத உற்சாகமில்லை.

நேற்று நோட்டில் நான் அடுப்பைப் பற்றிப் பேசிய அந்த வருடத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் 5 பேர் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார். டீச் செலவு எழுதியிருக்கிறார். கீழே, “கயிறு பிடித்தது: என் மகன், கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது.”

ஆய்வேட்டுக்கு எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? பேராசிரியர் சொன்னதைக் கேளுங்கள்.