தாய்லாந்துச் சுவையில் சிக்கன் பீட்சா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தாய்லாந்துச் சுவையில் சிக்கன் பீட்சாவை வீட்டில் செய்தேன். நடுப்பகுதி வேகாமல் நசநசவென்று இருந்தது. சாஸிலும் இனிப்பு தூக்கலாகி, வேர்க்கடலை வெண்ணெயைத் தவிர வேறு சுவையே தெரியவில்லை. எதை மாற்ற வேண்டும்?
- வாசகி, திருச்சி

பதில்: இது கலிபோர்னியாவிலிருந்து பரவிய பீட்சா. 1985-இல் பெவர்லி ஹில்ஸில் தொடங்கிய கலிபோர்னியா பீட்சா கிச்சன் உணவகம் இதை நன்கு பிரபலமாக்கியது. இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுடும் சாத்தேவுக்குத் தாய்லாந்தில் தொட்டுக்கொள்ளத் தரும் வேர்க்கடலை சாஸே இதில் தக்காளி சாஸின் இடத்தில் நிற்கிறது. எனவே புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் கடலையின் கொழுப்புக்கு ஈடு கொடுக்காவிட்டால் அந்தச் சுவை வராது.

அரை கப் கெட்டித் தேங்காய்ப் பாலில் பாதியைக் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சிவப்பு கறி பேஸ்ட்டை (சிவப்பு மிளகாய், எலுமிச்சைப் புல், பேரரத்தை முதலியவற்றை அரைத்த தாய்லாந்து மசாலா விழுது) அதில் எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். இந்த வதக்கலை விட்டுவிட்டால் எலுமிச்சைப் புல்லும் பேரரத்தையும் பச்சை வாடையாகவே நிற்கும். பிறகு மீதிப் பாலுடன் சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, வெல்லம் இரண்டு தேக்கரண்டி, மீன் சாஸ் இரண்டு தேக்கரண்டி சேர்த்து, கரண்டியின் பின்புறத்தில் கனமாக ஒட்டும் பதம் வரை சுண்டவிட்டு ஆறவையுங்கள். கறி பேஸ்ட்டில் பெரும்பாலும் இறால் இருக்கும். கடலையோ இறாலோ ஒவ்வாதவர்களுக்கு இந்தப் பீட்சா வேண்டவே வேண்டாம்.

நசநசப்புக்குக் காரணம் நீர். நீர்த்த சாஸ், பச்சைக் கோழி, முளைப்பயறு ஆகிய மூன்றும் சூட்டில் நீர் விட, மாவு அந்த நீரிலேயே புழுங்கிவிடுகிறது. எலும்பில்லாத தொடைக்கறியைச் சிறு துண்டுகளாக்கி, அகலமான வாணலியில் அதன் நீர் முழுவதும் வற்றி ஓரம் சிவக்கும் வரை வேகவைத்த பிறகே பீட்சாவில் வைக்க வேண்டும். முளைப்பயறு, துருவிய கேரட், கொத்தமல்லித் தழை, ஒன்றிரண்டாக உடைத்த வறுத்த வேர்க்கடலை ஆகியவற்றை ஓவனிலிருந்து எடுத்த பின்பே தூவ வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன், ஏனெனில் வெந்து துவண்ட முளைப்பயறு நீரையும் விட்டுக் கடிக்கும் சுகத்தையும் கெடுத்துவிடும்.

250 கிராம் மைதா, 160 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு கொண்டு பிசைந்த மாவை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால், 10 அங்குல பீட்சா இரண்டு வரும். கனமான தட்டு ஒன்றைக் கவிழ்த்து ஓவனுக்குள் வைத்து, 250 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, அந்தக் கொதிக்கும் தட்டின் மேலேயே பீட்சாவைச் சரித்து இறக்குங்கள். ஒரு பீட்சாவுக்கு மூன்று மேசைக்கரண்டி சாஸ் தாராளம். மொசரெல்லா சீஸையும் அளவாகத் தூவினால் 8 முதல் 10 நிமிடத்தில் அடிப்பகுதி மொறுமொறுவென்று வெந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. தோசைக்கல்லில் செய்யலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாகச் செய்யலாம். கனமான இரும்புக் கல்லில் மாவை மெல்லிதாக இட்டு, ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின் மேல் சாஸ், கோழி, சீஸ் வைத்து, சிறு தீயில் மூடுங்கள். மூடியில் கோக்கும் நீர் பீட்சாவின் மேல் சொட்டாதபடி இடையில் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.