கைவிடப்பட்ட விமானத்துக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கோவை அருகே உணவகம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: விமான நிலைய மூலையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பழைய விமானமொன்றை வாங்கி உணவகமாக்க விரும்புகிறேன்; அதை ஏலத்துக்கு முன்பே முடித்துத் தருவதாகச் சொல்லி, தரகர் ஒருவர் 5 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சக்கரங்களில் காற்று இறங்கிப் புல் முளைத்த தரையில் நிற்பதாலேயே ஒரு விமானம் உரிமையாளர் அற்றதாகிவிடாது. பதிவேட்டில் பெயருள்ள நிறுவனம், குத்தகைக்கு விட்டவர், கடன் தந்த வங்கி, நிறுத்தக் கட்டணப் பாக்கிக்காகக் காத்திருக்கும் விமான நிலையம், வரித்துறை எனப் பலர் அதன்மேல் உரிமை கோரக்கூடும். கோலாலம்பூர் விமான நிலைய நிர்வாகம் 2015 டிசம்பரில், மூன்று போயிங் 747 விமானங்களின் உரிமையாளர்கள் 14 நாட்களுக்குள் வராவிட்டால் அவற்றை விற்றுவிடுவோம் என நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. சில நாட்களிலேயே அவை தங்களுடையவை என்று ஒரு நிறுவனம் முன்வந்தது.

அந்த 14 நாள் வேகத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சேவை வரிப் பாக்கிக்காக விஜய் மல்லையாவின் சொகுசு விமானம் 2016-இல் ஏலத்துக்கு வந்தபோது ஒரே ஒருவர் கேட்ட விலை 1.09 கோடி ரூபாய். விற்றதோ 2018-இல், 34.8 கோடிக்கு. அதுவரை மும்பை விமான நிலையத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதால் யாருக்கு என்ன லாபம் என்று எந்த அலுவலகமும் சொல்லாது.

இந்தத் தாமதம்தான் தரகர்களின் முதலீடு. "மேலிடத்தில் பேசிவிட்டேன்" என்று முத்திரை குத்திய நகலொன்றை நீட்டுவார்கள். அதிகாரிக்கு வேண்டியவர் என்றாலும் நம்பாதீர்கள். அரசு நிறுவனங்கள் கழித்துக்கட்டும் பொருள்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் நடத்துவது போன்ற இணைய ஏலங்களில்தான் விற்கப்படுகின்றன. ஏலத்தில் பங்கேற்கக் கட்டும் முன்வைப்புத் தொகையை, ஏல அறிவிப்பில் உள்ள கணக்கில் மட்டுமே செலுத்துங்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். விமானம் ஒருவருடையதாகவும் அதன் இன்ஜின் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். இன்ஜின்களைத் தனியே குத்தகைக்கு எடுப்பது இத்தொழிலில் வழக்கம். பழைய விமானத்தின் மதிப்பில் பெரும்பங்கும் அவற்றில்தான் இருக்கிறது. ஆகவே ஏலப் பட்டியலில் இன்ஜின்கள் வரிசை எண்ணோடு குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் வாங்குவது வெறும் கூடு. உணவகத்துக்கு அது போதும்தான். ஆனால் கூட்டுக்குரிய விலையைத்தான் கேட்க வேண்டும்.

"உள்ளது உள்ளபடி" விற்பனையில் பிரித்தெடுத்துக் கொண்டுபோகும் செலவும் உங்களுடையதே. 2023 டிசம்பரில் மும்பையிலிருந்து அசாமுக்கு லாரியில் சென்ற விமான உடல் ஒன்று, பீகாரின் மோதிஹாரியில் பாலத்தடியில் சிக்கிக்கொண்டது. விலை கேட்கும் முன்பே லாரிக்காரரை அழைத்துக்கொண்டு போய், வழியிலுள்ள பாலங்களின் உயரத்தை அளந்துவிடுங்கள்.