மிளகுத் தண்ணீரில் தெரிந்த உயிர்கள்

கே: மைக்ராஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் லேவன்ஹூக்தானே?

இல்லை. அவர் பிறந்த 1632-க்கு முன்பே அது இருந்தது. ஆனால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த அந்த மனிதர் தேய்த்தெடுத்த ஒற்றை லென்ஸுக்கு அன்று ஈடில்லை. எஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

கே: பாக்டீரியாவைத் தேடித்தான் பார்த்தாரா?

தேடியது மிளகின் காரத்தை! மிளகு நாக்கில் ஏன் சுரீரென்கிறது என்று அறிய, 1676-ல் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் நம்ப முடியாத அளவு சின்ன உயிர்கள் நெளிகின்றன. லத்தீன் தெரியாது, டச்சிலேயே லண்டனின் அறிவியலாளர் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே எளிதில் நம்பிவிடவில்லை. 1677 நவம்பரில் அச்சங்கத்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தானும் மிளகை ஊறவைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார். 1683-ல் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி மழைநீரில் கலந்து பார்த்தார் லேவன்ஹூக். தினமும் உப்பால் பல் துலக்கும் அவர் வாயிலேயே அவை துள்ளின. அப்போது வரைந்த படங்களில் இன்றும் பாக்டீரியாவின் வடிவங்களை அடையாளம் காணலாம்.

கே: அவைதான் நோய் தருகின்றன என்று தெரிய ஏன் 200 வருடம்?

தன் நுட்பத்தின் சூட்சுமத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. மற்றவர்களின் நுண்ணோக்கிகளிலோ லென்ஸில் வண்ணங்கள் பிரிந்து உருவம் கலங்கித் தெரிந்தது. 1830 வாக்கில்தான் அது தீர்ந்தது. கிருமி தானாகவே தோன்றுகிறது என்ற நம்பிக்கை வேறு. பார்த்தால் மட்டும் போதாது, ஒரே வகைக் கிருமியைத் தனியே வளர்த்து, அது அதே நோயைத் தருகிறதா என்று காட்ட வேண்டும். கால்நடைகளைத் தாக்கும் ஆந்த்ராக்ஸ் நோயில் அதை 1876-ல் செய்தவர் ராபர்ட் கோச், அப்போது சிற்றூர் டாக்டர்.

கே: ஆய்வகத்தில் கிருமி வளர்க்கப் பயன்படும் அகர் சமையலறையிலிருந்து வந்ததா?

ஆமாம், நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் கடல்பாசி செய்யும் அதே சைனா கிராஸ்தான். கோச்சின் ஆய்வகத்தில் முதலில் ஜெலட்டின்தான். வெயிலில் உருகிவிடும், சில கிருமிகள் அதைக் கரைத்தும்விடும். அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தான் ஜெல்லிக்குப் போடும் அகரைச் சொன்னார். கொதிக்கவைத்தால் உருகும், சுமார் 40 டிகிரியில் உறையும், உறைந்தபின் உடல் வெப்பத்தில் அசையாது. 1882-ன் காசநோய்க் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்ட கோச், ஹெஸ்ஸே தம்பதியின் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு இது நெருடல்தான்.

கே: காலராக் கிருமியை கோச் கல்கத்தாவில்தான் கண்டாரா?

1883-ல் எகிப்தில் பார்த்துவிட்டார். தனியே பிரித்து வளர்த்தது கல்கத்தாவில், 1884-ல். ஆனால் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர உடற்கூறியல் அறிஞர் பாச்சினி அதை 1854-லேயே பார்த்து எழுதியிருந்தார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை.