மார்க் போடாத ரெயூனியன் மத்தெர்னெலில் பிள்ளை என்ன கற்றான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வணக்கம் தங்கச்சி. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது, மகன் மத்தெர்னெல் என்ற மழலையர் பள்ளியின் நடு வகுப்பான முவாயேன் செக்சியோனில் இருக்கிறான், பரீட்சை, மார்க், வீட்டுப்பாடம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன் வந்த கார்னேயில், அதாவது பிள்ளை கற்றதை டீச்சர் பதிந்து பெற்றோருக்குக் காட்டும் ஏட்டில், மணி கோர்ப்பதும் தண்ணீர்த் தொட்டியில் சாமான் போடுவதுமாக நாலு போட்டோ. எண்கள் பகுதியில் ‘ஆன் வுவா’ என்று ஒரு குறி. ஊரில் எல்.கே.ஜி.யிலேயே 100 வரை எழுதிய பிள்ளை இங்கே பின்தங்கிவிட்டானா, டியூஷன் வைக்கவா என்பது உங்கள் கேள்வி.

டியூஷன் வேண்டாம். கார்னேயைப் படிக்கும் விதத்தை மாற்றினால் போதும்.

மார்க் இல்லாதது டீச்சரின் அசட்டை அல்ல. பிரான்சில் 2019 முதல் 3 வயதிலிருந்தே கல்வி கட்டாயம், ரெயூனியனிலும் அதே சட்டம்தான். ஆனால் மத்தெர்னெலின் மூன்று வகுப்புகளிலும் தேர்வு கிடையாது. டீச்சர் பார்த்துக் குறித்ததுதான் மதிப்பீடு. கார்னேயை ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை பெற்றோருக்குக் காட்ட வேண்டும். அதன் வடிவத்தைப் பள்ளியே தீர்மானிக்கலாம் என்பதால் பக்கத்துப் பள்ளிக் கார்னேயோடு ஒப்பிடாதீர்கள். கடைசி வகுப்பான கிராந்த் செக்சியோன் முடிவில் மட்டும் ஒரு சுருக்கத் தாள் தயாராகி, அடுத்துச் சேரும் தொடக்கப் பள்ளி முதல் வகுப்பான சேபேக்குப் போகும். அதிலும் ‘இன்னும் வரவில்லை’, ‘வந்துகொண்டிருக்கிறது’, ‘பெரும்பாலும் செய்கிறான்’ என்று மூன்றே கட்டங்கள்தான். ‘ஆன் வுவா’ என்பது நடுக் கட்டம். இந்த வயதில் பாதி வருடத்தில் அது இருப்பது இயல்பு.

இப்போது அத்தெலியே என்ற சிறு குழு வேலைக்கு வருவோம். ஐந்தாறு பிள்ளைகளை ஒரு மேசையில் வைத்து மெத்ரெஸ், அதாவது டீச்சர், நேரடியாகக் கவனிப்பார். மற்ற மேசைகளில் ஒன்றை வகுப்பு உதவியாளரான ஆத்செம் பார்த்துக்கொள்வார், மற்றதில் பிள்ளைகள் தாமாகச் செய்வார்கள். வெளியிலிருந்து பார்க்க விளையாட்டாகத்தான் தெரியும்.

முட்டைப் பெட்டி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் 4 குழி காலியாக உள்ள முட்டை அட்டைப் பெட்டி, வகுப்பின் மறுமூலையில் ஒரு கூடை நிறையத் தக்கைகள். ‘ஒரே தடவை போய், குழிக்கு ஒன்றாக, மிச்சமும் இல்லாமல் குறையும் இல்லாமல் எடுத்து வா’ என்பதுதான் கட்டளை. கூடை பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு நிரப்பிவிடலாம், எண்ணே தேவைப்படாது. தூரத்தில் வைத்தால்தான் ‘நாலு’ என்பதை மனதில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும். மெத்ரெஸ் கவனிப்பது இவற்றை: கிளம்பும் முன் குழிகளை எண்ணினானா, கூடையில் நாலோடு நிறுத்தினானா அல்லது கை நிறைய அள்ளினானா, திரும்பி வந்து மிச்சம் இருந்தால் தானே கண்டுபிடித்தானா.

பிள்ளை ஆறு கொண்டுவந்தான் என்று வையுங்கள். அதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். ‘சரியாக அவ்வளவே’ என்ற பிரெஞ்சுச் சொல் புரியாமல் இருக்கலாம். ஒரே குழியை இரண்டு முறை எண்ணியிருக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டாகச் சொல்லத் தெரிந்தும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடாமல் இருக்கலாம். எல்லாம் தெரிந்தும் நடந்து போகிற வழியில் மறந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பத்துக்கு நாலு என்று மார்க் போட்டால் இவை அத்தனையும் மறைந்துபோகும். 100 வரை எழுதும் பிள்ளையும் இந்தப் பெட்டியில் தடுமாறுவதுண்டு, ஏனென்றால் வரிசையாக எழுதுவது வேறு, அளவை அறிவது வேறு. 2015 பாடத்திட்டம் மத்தெர்னெல் முடிவுக்குள் எதிர்பார்த்ததே 10 வரையிலான அளவுகளும், வாயால் 30 வரை சொல்வதும்தான். 2025-இல் மொழிக்கும் கணக்கிற்கும் புதுப் பாடத்திட்டம் வந்திருக்கிறது. அதிலும் பக்கம் பக்கமாக எண் எழுத வைக்க மாட்டார்கள்.

மணி கோர்த்த போட்டோ அழகாக இருக்கிறது என்றீர்கள். அழகு எதையும் சொல்லாது. சிவப்பு, சிவப்பு, நீலம் என்ற வரிசையை மாதிரி பார்த்துக் கோர்ப்பது ஒரு படி. தொடங்கிவைத்ததைத் தானாக நீட்டுவது அடுத்தது. மாதிரியை மூடிவைத்த பின் கோர்ப்பது அதற்கும் மேலே. நடுவில் தப்பாக வைத்த மணியைக் கண்டுபிடித்து ஏன் தப்பு என்று சொல்வது இன்னும் கடினம். நாலுக்கும் போட்டோ ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கோர்த்திருந்தாலும் அதே போட்டோதான். அதனால் நல்ல மெத்ரெஸ் இன்னொரு நாள், வேறு சாமானை வைத்து மறுபடி பார்ப்பார். போட்டோவுக்குக் கீழே தேதியும், தனியாகச் செய்தானா உதவியோடா என்பதும் இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

தண்ணீர்த் தொட்டியில் பொருள் மிதக்கிறதா என்பதைவிட, போடும் முன் பிள்ளை என்ன சொன்னான், பார்த்த பின் எப்படி மாற்றிக்கொண்டான் என்பதுதான் மதிப்பீடு. களிமண் உருண்டை மூழ்கும், அதே களிமண்ணைப் படகாகக் குழித்தால் மிதக்கும். ‘கனமானது மூழ்கும்’ என்று சொன்ன பிள்ளை அங்கே திகைக்க வேண்டும். அந்தத் திகைப்பைத்தான் மெத்ரெஸ் எழுதிக்கொள்கிறார்.

உங்கள் மகன் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். ஊகத்தைப் பிரெஞ்சில் சொல்ல வராத பிள்ளை வாயை மூடிக்கொள்வான். பேசாததைத் தெரியாதது என்று எடுத்துக்கொள்வது எளிது. இங்கே பல வீடுகளில் தீவின் பேச்சுமொழியான கிரெயோல்தான் பேச்சு, ஆகவே வீட்டு மொழி வேறாக இருப்பது மெத்ரெஸ்களுக்குப் புதிதல்ல. ஆனால் தமிழ் அவர் காதுக்கு எட்டாது. ஒரு தாளில் ஒன்று முதல் பத்து வரை தமிழ் எண்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அவன் முணுமுணுத்து எண்ணுவதை அவர் அடையாளம் காண அது உதவும். சொல்வதற்குப் பதில் படங்களை ‘மிதக்கும்’, ‘மூழ்கும்’ என்று இரண்டு தட்டில் பிரித்துக் காட்ட விடலாமா என்றும் கேளுங்கள். பிரெஞ்சில் 11-லிருந்து 16 வரை தடுமாறினால் பதற வேண்டாம். அந்தச் சொற்களில் பத்து என்பது காதில் விழாது, மனப்பாடமாகத்தான் வர வேண்டும், அது கணக்குக் குறை அல்ல. இதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்.

மெத்ரெஸைச் சந்திக்க நேரம் வாங்கும்போது ‘எப்படிப் படிக்கிறான்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்ல பிள்ளை’ என்ற பதில்தான் வரும். எந்த எண் வரை தானே கொண்டுவருகிறான், எந்த இடத்தில் தவறுகிறது, அடுத்து எதை மாற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

வீட்டில் இதையே சோற்று நேரத்தில் பாருங்கள். மேசையில் ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, சமையலறையிலிருந்து ஒரே தடவையில் தட்டுகளை எடுத்துவரச் சொல்லுங்கள், தமிழில்தான். கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் திருத்தாதீர்கள். அவனே வைத்துப் பார்க்கட்டும். மூன்று தட்டு சுலபமாக வந்த பிறகு நாலு, பிறகு ஐந்து. வந்ததும் வராததும் தேதியோடு ஒரு சீட்டில் இருக்கட்டும். பெயர் எழுதுவதில் அவசரம் வேண்டாம். முவாயேனில் பெரிய எழுத்தில் வந்தால் போதும், கூட்டெழுத்தில் பார்க்காமல் எழுதுவது கிராந்தின் முடிவுக்கு.

தமிழிலும் மூன்று சாமான் எடுத்துவரத் திணறுகிறான், அல்லது பின்னாலிருந்து தமிழில் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால் பிரெஞ்சு வராதது அதற்குக் காரணம் அல்ல. 3–4 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தாய்சேய் நலச் சேவையான பேஎம்ஈ கண், காது, பேச்சுப் பரிசோதனை செய்கிறது. அது அவனுக்கு நடந்ததா என்று விசாரியுங்கள்.

கார்னேயைக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும்போது பெற்றோருக்கான வரிகளை வெறுமையாக விடாதீர்கள். ‘வீட்டில் தமிழில் ஐந்து தட்டு வரை ஒரே தடவையில் சரியாகக் கொண்டுவருகிறான்’ என்பதுபோல் நீங்கள் கண்டதைத் தேதியோடு, பிரெஞ்சு தெரிந்த யாரையாவது வைத்து எழுதி அனுப்புங்கள்.