குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் ஒரு சமூகத்தின் வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

கேட்டவர் சமூகப்பணி மாணவர், கடலூருக்குக் களப்பயிற்சிக்கு வரப்போகிறார். "மக்களின் பண்பாட்டைப் புரிந்துகொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் குழந்தைத் திருமணத்தையும் வழக்கம் என்று விட்டுவிட வேண்டியதுதானா?" என்பது அவர் சந்தேகம்.

விடக் கூடாது. ஆனால் இந்த மாவட்டத்தில் நான் வேலை பார்த்தவரை, கோளாறு வேறு மாதிரி இருந்தது. பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடத்தில் கறாராக இருக்கிறோம். கறாராக இருக்க வேண்டிய இடத்தில் "அவங்க வழக்கம் அப்படி சார்" என்று நகர்ந்துவிடுகிறோம். இரண்டும் பெரும்பாலும் ஒரே தெருவில் நடக்கிறது.

இருளர் குடும்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பார்கள். உள்பகுதியில் கரும்பு வெட்டு, செங்கல் சூளை. முன்பணம் வாங்கிவிட்டால் மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டியதுதான். சிலர் பிள்ளைகளை ஆயாவிடமோ பெரியம்மாவிடமோ விட்டுப் போவார்கள். வெளியிலிருந்து போகிறவர் கண்ணில் படுவது கதவில்லாத குடிசை, செருப்பில்லாத கால், பள்ளிக்கூட நேரத்தில் வரப்பில் எலி வளை தோண்டும் பையன். "பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகள்" என்று எழுத எவ்வளவு நேரமாகும்? குழந்தையின் வீட்டு நிலைமையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை ஒன்றில் அப்படியே எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வந்த பெரியம்மா அதில் ஒரு வரியில்கூட இல்லை. அம்மா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "சோறு யாரு போடறாங்க, ராத்திரி யாருகிட்ட படுத்துக்கற, காய்ச்சல் வந்தா யாரு தூக்கிட்டுப் போவாங்க" என்று கேட்டிருந்தால் பதில் வேறு.

சட்டம் இந்த அவசரத்தைக் கேட்கவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. அதன் 75-ஆவது பிரிவு குழந்தையைக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பெற்றவர்கள் தங்கள் சக்தியை மீறிய காரணத்தால் விட்டிருந்தால், வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிள்ளை உறவினர் வீட்டிலேயே வளர, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானத்தில் சிக்கல் வராது, காகிதத்தில்தான் வரும். ஆதார், வங்கிக் கணக்கு, சான்றிதழ். புதுச்சேரியில் இருளர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016 கடைசியில்தான். அதுவரை கடலூர்ப் பக்கம் இருந்த அண்ணன் பழங்குடி, புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வாழப்போன தங்கை இல்லை. இந்தக் கூத்தையும் சேர்த்துத்தான் அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, திருமணத்துக்கு வருகிறேன். பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று தகவல் வந்தால், ஊரில் முதலில் கிடைக்கும் விளக்கம் "அவங்கள்ல சீக்கிரம் கட்டிக்கொடுத்துடுவாங்க". அந்தப் பெண்ணின் ஆயாவிடம் உட்கார்ந்து பேசினால் வேறு கதை வரும். சூளையில் கதவு இல்லை, கழிப்பறை இல்லை, மேஸ்திரி எப்படிப்பட்டவன் என்று தெரியாது, ஊரில் தனியாக விட்டுப் போகவும் பயம். ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி. இதை வழக்கம் என்று எழுதிவைத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பயம் என்று புரிந்தால், கல்யாணத்தை நிறுத்துகிற அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு உண்டு உறைவிடப் பள்ளியிலோ விடுதியிலோ இடம் தேடத் தோன்றும். வெறுமனே நிறுத்திவிட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தால், அடுத்த வாரம் வேறு ஊர்க் கோயிலில் தாலி ஏறும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பதில் பேரம் இல்லை. அந்தப் பெண் கர்ப்பமாகிவிட்டால் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், பரிதாபப்பட்டு மறைக்க நமக்கு உரிமை கிடையாது.

மரபு என்ற சமாதானம் ஏழைகளிடம் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். 2022-இல் சிதம்பரம் நடராசர் கோயில் தீட்சிதர்கள் சிலர் மீது குழந்தைத் திருமண வழக்குகள் பதிவாகி, கைதுகளும் நடந்தன. அப்புறம் அது அரசியல் சண்டையாகி மாதக்கணக்கில் ஓடியது. இருளர் தெருவில் நடந்தால் யாரும் அறிக்கை விட மாட்டார்கள், அதனால் அங்கே நம் விசாரணை சரியாக இருக்கிறதா என்று கேட்கவும் ஆளில்லை.

களத்துக்குப் போகிறவருக்கு ஒன்று. அந்தத் தெருவுக்கு முதல் முறை காவலரோடு போகாதீர்கள். திருட்டு வழக்கில் இழுத்துப் போகப்பட்ட அனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு. காக்கிச் சட்டையைப் பார்த்தால் பெரியவர்கள் கரும்புக்குள் இறங்கிவிடுவார்கள், பிள்ளைகள் மட்டும் வாசலில் நிற்பார்கள், நீங்களும் "பெற்றோர் இல்லை" என்று எழுதிக்கொண்டு வருவீர்கள். குழந்தை இப்போதே ஆபத்தில் இருக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லிவிட்டு யாரோடு வேண்டுமானாலும் போங்கள். மற்ற நேரங்களில் அங்கன்வாடிப் பணியாளரைக் கூட்டிக்கொண்டு, சாயங்காலம் அவர்கள் வேலை முடிந்து திரும்பிய பிறகு போங்கள்.