வலி நின்றுவிட்டால் பல் சரியாகிவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. மேல் கடைவாய்ப் பல் சொத்தை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதும் வலி நின்றுவிட்டது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலியும் போகும். போகத்தான் வேண்டுமா?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: போகத்தான் வேண்டும். வலி நின்றது நல்ல சேதி இல்லை. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்திருக்கலாம். செத்த நரம்பு வலிக்காது, ஆனால் கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கன்னம் வீங்கும், கூடவே சர்க்கரையும் ஏறும். ரத்த ஓட்டம் நின்ற பல்லுக்குள் ஆன்டிபயாடிக் போய்ச் சேராது. மெடிக்கலில் கத்தரித்துக் கொடுக்கும் நாலு மாத்திரை வீக்கத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வலி மாத்திரையையே தொடர்ந்து விழுங்கினால் சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகம் அடிவாங்கும்.

கண் பயம் வேண்டாம். பார்வை நரம்பு வேறு, மேல் பல்லுக்கு வரும் நரம்பு வேறு.

அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடு வேண்டாம். இட்லியும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டு, கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போங்கள். பல்லை வைத்துக்கொள்ள வழியுண்டா என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பல இடங்களில் நாற்காலி இருக்கும், டாக்டர் இருப்பார், செத்த நரம்பை எடுத்துப் பல்லைக் காப்பாற்றும் வேர் சிகிச்சைக்கான (ரூட் கேனால்) பொருள் இருக்காது. அதனால் பிடுங்குவதே வைத்தியமாகிவிடுகிறது. கூலிக்காரர் வேலைக்குப் போகும் நேரத்தில்தான் ஓ.பி. என்று வைத்துவிட்டு, ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று முகாம் போடுவதில் என்ன பிரயோஜனம்? தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் செய்வதால் செலவு குறையும், நடை கூடும்.

கிளினிக் என்றால் வேர் சிகிச்சைக்கு எவ்வளவு, அந்தப் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முதலாவதை மலிவாகச் சொல்லி இரண்டாவதில் பிடிப்பது வழக்கமான கணக்கு.

பிடுங்கிய பிறகு "ஒரே நாளில் பல் கட்டித் தருகிறேன்" என்று வரும் ஆளிடம் மட்டும் சிக்காதீர்கள். உடனே இறுகும் அக்ரிலிக் மாவைக் குழைத்து, கம்பி சுற்றி, பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுவார். கழற்றிக் கழுவ முடியாது. அடியில் சோறு அழுகி, ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, நல்லாயிருந்த இரண்டு பல்லும் ஆடும். சுவரில் பி.டி.எஸ். பட்டமும் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மா இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஈகோஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை என்றால், பல் பிடுங்க வேண்டுமென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு பல் இடத்து ரத்தத்தைப் பஞ்சை அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம்; மாரடைப்பை அப்படி நிறுத்த முடியாது. ரத்தம் உறைவதை இன்னும் வலுவாகத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை என்றால், அதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் ஒரு பரிசோதனை கூடுதலாக வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முந்தின நாள் எடுத்துப் போங்கள். 3.5-க்குள் இருந்தால் பொதுவாக ஒரு பல்லைப் பிடுங்கலாம். கூடினால் மாத்திரை எழுதிக்கொடுத்த இதய டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும்.